எண்ணெய்க் கிணற்றின் கணக்கை யார் கேட்பது?

சரவாக்கின் பிந்துலு நகரை நாம் இரண்டு காரணங்களுக்காக நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் சார்ல்ஸ் புரூக் அங்கேதான் ஒரு பொது மன்றத்தைக் கூட்டினார். இன்றைய சரவாக் சட்டமன்றத்தின் தொடக்கம் அது. நம் நாட்டின் சட்டமன்றங்களில் மிகப் பழமையானது என்ற பெருமையும் அதற்கே உண்டு. இரண்டாவது காரணம் எரிவாயு. 1983 ஜனவரியில் முதல் திரவ எரிவாயுக் கப்பல் பிந்துலுவிலிருந்து ஜப்பானுக்குப் புறப்பட்டது. இன்று அங்குள்ள திரவ எரிவாயு நிலையம் உலகின் மிகப் பெரிய நிலையங்களில் ஒன்று.

சட்டம் இயற்றும் மன்றமும் எரிவாயுத் தொழிலும் ஒரே ஊரில் வேர் விட்டிருக்கின்றன. ஆனால் அந்த எரிவாயுவின் மீது சட்டமன்றத்துக்கு எவ்வளவு அதிகாரம், நாடாளுமன்றத்துக்கு எவ்வளவு அதிகாரம் என்ற வழக்கு ஐம்பது ஆண்டுகளாகியும் தீரவில்லை. "எண்ணெய் யாருக்குச் சொந்தம்?" என்று மத்திய அரசாங்கமும் மாநிலங்களும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சத்தத்தில் "சொந்தக்காரர் யாராக இருந்தாலும், அவரிடம் கணக்குக் கேட்பது யார்?" என்ற இன்னொரு கேள்வி அமுங்கிப் போகிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

பினாங்கு மாணவருக்கு இதில் என்ன?

பினாங்கில் எண்ணெய்க் கிணறு கிடையாது. பிறகு நமக்கு ஏன் இந்தக் கவலை என்று தோன்றலாம். நம் வீட்டுச் சமையலறையிலிருந்தே தொடங்குவோம். 14 கிலோ சமையல் எரிவாயுத் தோம்பை 26 வெள்ளி 60 சென்னுக்கு வாங்குகிறோம் என்றால், மீதி விலையை அரசாங்கம் உதவித்தொகையாகக் கட்டுகிறது என்று பொருள். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? வரிகளிலிருந்தும், பெட்ரோனாஸ் அரசாங்கத்துக்குக் கொடுக்கும் இலாப ஈவிலிருந்தும் வருகிறது.

2024ஆம் ஆண்டில் பெட்ரோனாஸ் கொடுத்த இலாப ஈவு 3,200 கோடி வெள்ளி. மத்திய அரசாங்கத்தின் அந்த ஆண்டு வருமானத்தில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 2019இல் வரி திருப்பிக் கொடுக்கப் பணம் தேவைப்பட்டபோது, வழக்கமான 2,400 கோடி வெள்ளியோடு சிறப்பு ஈவாக இன்னும் 3,000 கோடி வெள்ளி பெறப்பட்டது. பள்ளிக்கூடக் கட்டடம், பல்கலைக்கழக மானியம், மருத்துவமனைப் படுக்கை என்று நாம் பயன்படுத்தும் பலவற்றில் எண்ணெய்ப் பணம் கலந்திருக்கிறது. அந்தப் பணத்தின் ஊற்று சரியாக நிர்வகிக்கப்படுகிறதா என்பது கிணறு இருக்கும் மாநிலத்தின் கவலை மட்டும் ஆகாது.

கணக்குக் கேட்பது என்றால் என்ன?

சட்டமன்றக் கண்காணிப்பு என்று சொன்னால் பாடப்புத்தக வாசனை அடிக்கும். நம் ஊர்க் கோயிலின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செயலாளர் அறிக்கை வாசிப்பார். பொருளாளர் வரவு செலவு சொல்வார். எல்லாரும் தலையாட்டும் நேரத்தில், பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "பந்தல் செலவு போன வருடத்தைவிட ஏன் இவ்வளவு கூடியது?" என்று கேட்பார். நிர்வாகம் முகம் சுளிக்கலாம். ஆனாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு கேள்வி இருப்பதால்தான் அடுத்த ஆண்டு பந்தல்காரரிடம் விலை பேசும்போது நிர்வாகம் கவனமாக இருக்கும்.

நாடாளுமன்றத்திலும் இதேதான் நடக்கிறது. உறுப்பினர்கள் மூன்று வழிகளில் கணக்குக் கேட்கலாம். கேள்வி நேரத்தில் அமைச்சரிடம் நேரடியாகக் கேட்பது ஒன்று. தேர்வுக் குழுக்களிலும் பொதுக் கணக்குக் குழுவிலும் அதிகாரிகளை அழைத்து விசாரிப்பது இன்னொன்று. வரவு செலவுத் திட்டத்துக்கும் புதிய சட்டங்களுக்கும் வாக்களிப்பதற்கு முன் வரிக்கு வரி விவாதிப்பது மூன்றாவது. இந்த மூன்றும் எண்ணெய்த் துறையில் எந்த அளவுக்கு வேலை செய்கின்றன என்று பார்க்க, 1974ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

சில பக்கங்களில் ஒரு நாட்டின் எண்ணெய்

மலேசிய எண்ணெயின் கதை வட சரவாக்கில் தொடங்குகிறது. 1910 டிசம்பர் 22ஆம் நாள் மிரி நகரின் கனடா குன்றில் ஷெல் நிறுவனத்தார் தோண்டிய முதல் கிணற்றில் எண்ணெய் வந்தது. "மூதாட்டி" என்று செல்லமாக அழைக்கப்படும் அந்தக் கிணறு இப்போது அருங்காட்சியக வளாகத்தில் நிற்கிறது. நிலத்து எண்ணெய் குறைந்தபோது நிறுவனங்கள் கடலுக்குள் இறங்கின. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே, 1958இல், சரவாக் தனக்கென்று எண்ணெய் எடுப்புச் சட்டம் ஒன்றை இயற்றிக்கொண்டது. மலேசியா உருவான பிறகு, 1966இல், மத்திய அரசாங்கமும் பெட்ரோலியச் சுரங்கச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது.

1973இல் உலக எண்ணெய் நெருக்கடி வந்து, எண்ணெய் விலை சில மாதங்களில் பல மடங்கு ஏறியது. அந்நிய நிறுவனங்கள் எண்ணெயை எடுத்துக்கொண்டு ஒரு சிறு பங்கை மட்டும் கொடுப்பது போதாது என்று நாடு முடிவெடுத்தது. 1974 ஆகஸ்ட் 17இல் பெட்ரோனாஸ் நிறுவப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்தது. துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்த காலம் அது. பெட்ரோனாசின் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் தெங்கு ரசாலி ஹம்சா.

இந்தச் சட்டத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று உயர்கல்வி மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தேநீர் ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். அவ்வளவு சிறியது. ஆனால் அதன் கனம் பெரிது. இரண்டாம் பிரிவு, நாட்டின் நிலத்திலும் கடலிலும் உள்ள பெட்ரோலியம் முழுவதன் உரிமையையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது. மூன்றாம் பிரிவு, அந்த நிறுவனம் பிரதமரின் கட்டுப்பாட்டுக்கும் உத்தரவுக்கும் உட்பட்டது என்கிறது. நான்காம் பிரிவு, இதற்கு ஈடாக மத்திய அரசாங்கத்துக்கும் சம்பந்தப்பட்ட மாநிலத்துக்கும் ரொக்கம் கொடுக்க வேண்டும் என்கிறது. ஐந்தாம் பிரிவு, பிரதமருக்கு ஆலோசனை கூற ஒரு மன்றம் அமைக்கச் சொல்கிறது. ஏழாம் பிரிவு, விதிமுறைகளை இயற்றும் அதிகாரத்தைப் பிரதமருக்கே தருகிறது. ஒவ்வொரு மாநிலத்துடனும் தனித்தனி ஒப்பந்தம் கையெழுத்தானது. மாநிலத்துக்கு 5 விழுக்காடு என்ற கணக்கு அவற்றில் இடம்பெற்றது.

இந்த ஏற்பாட்டால் நன்மையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உலகப் பெரு நிறுவனங்களோடு பேரம் பேச ஒரு சிறிய நாட்டுக்கு ஒரே குரல் தேவைப்பட்டது. பெட்ரோனாஸ் அந்தக் குரலாக இருந்தது. உலகின் பெரிய நிறுவனங்களின் வரிசையில் மலேசியாவின் பெயரை ஏற்றியதும் அதுதான். அதன் கல்வி உதவித்தொகையில் படித்த நம் அக்காமார் அண்ணன்மார் பலர் உண்டு.

ஆனால் கண்காணிப்பு என்ற கோணத்தில் பார்த்தால் ஓர் இடைவெளி தெரிகிறது. எண்ணெய் எடுக்கும் நிறுவனங்களை மேற்பார்வை செய்யும் மலேசிய பெட்ரோலிய மேலாண்மைப் பிரிவு பெட்ரோனாசுக்கு உள்ளேயே இருக்கிறது. ஆட்டக்காரரும் நடுவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். தீபகற்பத்தில் குழாய்வழி எரிவாயு விநியோகத்தைக் கவனிக்க, 1993ஆம் ஆண்டின் எரிவாயு விநியோகச் சட்டத்தின்படி எரிசக்தி ஆணையம் தனியாக இயங்குகிறது. கிணற்று வாயிலில் அப்படி ஒரு தனி ஆணையத்தை நாம் அமைக்கவில்லை.

நார்வே நாடு வேறு வழியில் போனது. 1972இல் அதன் நாடாளுமன்றம் ஒரே நேரத்தில் இரண்டு அமைப்புகளை உருவாக்கியது. ஸ்டாட்டாயில் என்ற எண்ணெய் நிறுவனம் ஒன்று. அந்தத் துறையை மேற்பார்வை செய்யும் பெட்ரோலிய இயக்குநரகம் மற்றொன்று. வியாபாரம் செய்பவர் வேறு, விதியைக் காப்பவர் வேறு என்று முதல் நாளே பிரித்துவிட்டார்கள். பெரிய எண்ணெய் வயல் திட்டங்கள் நாடாளுமன்றத்தின் பார்வைக்கு வந்த பிறகே தொடங்குகின்றன. எண்ணெய்ப் பணத்தைச் சேர்த்து வைக்கும் நிதியம் எந்த நாட்டில் எந்தப் பங்கை வைத்திருக்கிறது என்பதைக்கூட நாம் இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்க முடியாதபோது நடந்தவை

கண்காணிப்பு இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்கலாம். இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

1999 நவம்பர் பொதுத்தேர்தலில் திரங்கானு மாநில ஆட்சி எதிர்க்கட்சியான பாஸ் கைக்கு மாறியது. மறு ஆண்டே, அதுவரை மாநில அரசுக்குப் போய்க்கொண்டிருந்த 5 விழுக்காட்டு எண்ணெய்ப் பணம் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக "வாங் எஹ்சான்", அதாவது நல்லெண்ணத் தொகை, என்ற பெயரில் மத்திய அரசாங்கத்தின் அமைப்புகள் வழியாகப் பணம் செலவிடப்பட்டது. உரிமைப் பணம் ஒரே நாளில் கருணைப் பணமாக மாறியது. மாநில அரசு நீதிமன்றம் சென்றது. பின்னர் 2010இல் கிளந்தானும் தன் பங்கைக் கேட்டு வழக்குத் தொடுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இவ்வளவு பெரிய மாற்றத்தை எந்த மன்றமும் வாக்கெடுத்துத் தீர்மானிக்காமலே செய்ய முடிந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இரண்டாவது நிகழ்வு 2021இல் நடந்தது. எண்ணெய் ஒருநாள் தீர்ந்துவிடும், வரும் தலைமுறைக்குச் சேமிக்க வேண்டும் என்ற நோக்கத்தில் 1988இல் தேசிய அறநிதி என்ற சேமிப்பு உருவாக்கப்பட்டது. அதற்குப் பெரும்பங்கு கொடுத்தது பெட்ரோனாஸ். கோவிட் காலத்தில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, நாடாளுமன்றம் கூடாமலிருந்தது. அந்தச் சமயத்தில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் அறநிதிச் சட்டம் திருத்தப்பட்டு, அந்தப் பணத்தைத் தடுப்பூசிக்குப் பயன்படுத்த வழி செய்யப்பட்டது. தடுப்பூசி தேவைதான், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தச் சேமிப்பின் உரிமையாளர்கள் யார்? அன்று பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நாம்தான். நம் சார்பில் எழுந்து "எவ்வளவு எடுக்கிறீர்கள், எப்போது திருப்பி வைப்பீர்கள்?" என்று கேட்க அன்று மன்றத்தின் கதவே திறந்திருக்கவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான்.

சரவாக் எடுத்த வழி

இந்தப் பின்னணியில் சரவாக் சட்டமன்றம் கடந்த பத்து ஆண்டுகளில் செய்தவற்றைப் பார்த்தால், ஒரு மாநில மன்றத்துக்கு எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று புரியும்.

2014 மே மாதத்தில், எண்ணெய்ப் பங்கை 5 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக உயர்த்தக் கோரும் தீர்மானத்தை ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து நிறைவேற்றின. தீர்மானத்தால் மட்டும் பணம் வந்துவிடாது. ஆகவே மன்றம் சட்டப் புத்தகத்தைத் திறந்தது. 2016இல் எரிவாயு விநியோகச் சட்டம் நிறைவேறியது. 2017இல் மாநிலத்துக்குச் சொந்தமான பெட்ரோஸ் நிறுவனம் உருவானது. 2018இல், 1958ஆம் ஆண்டின் பழைய எண்ணெய் எடுப்புச் சட்டம் தூசி தட்டித் திருத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூனில், பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டமே செல்லும் என்று அறிவிக்கக் கோரி பெட்ரோனாஸ் கூட்டரசு நீதிமன்றம் சென்றது. அந்த முயற்சி தொடக்கத்திலேயே நிராகரிக்கப்பட்டது.

2019 ஜனவரி 1 முதல் பெட்ரோலியப் பொருள்களுக்கு 5 விழுக்காடு மாநில விற்பனை வரி விதிக்கப்பட்டது. இதற்குச் சரவாக் நம்பியிருந்தது கூட்டரசு அரசியலமைப்பின் 95பி பிரிவை. சபாவுக்கும் சரவாக்குக்கும் விற்பனை வரி விதிக்கும் அதிகாரத்தை அந்தப் பிரிவு தருகிறது. பெட்ரோனாஸ் கட்ட மறுத்தது. 2020 மார்ச்சில் கூச்சிங் உயர்நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுக்கான வரியாக 295 கோடி வெள்ளிக்கு மேல் மாநிலத்தின் கைக்கு வந்து சேர்ந்தது.

2024 பிப்ரவரி முதல் சரவாக்கின் எரிவாயுவை வாங்கி விற்கும் பொறுப்பு பெட்ரோஸ் நிறுவனத்துக்கே என்று மாநிலம் அறிவித்தது. பெட்ரோனாஸ் இதை எளிதில் ஏற்கவில்லை. நீண்ட பேச்சுக்குப் பிறகு, 2025 மே மாதத்தில் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிமும் சரவாக் பிரிமியர் அபாங் ஜொஹாரியும் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டனர். ஆனாலும் எந்தச் சட்டம் எங்கே மேலோங்கும் என்ற அடிப்படைச் சிக்கல் அதோடு முடிந்துவிடவில்லை.

சட்டம் படிக்கும் மாணவர்கள் இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்கலாம். நம் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, எண்ணெயையும் எண்ணெய் வயல்களையும் மத்தியப் பட்டியலில் வைக்கிறது. அதே அட்டவணை, கனிமம் தேடும் அனுமதியையும் சுரங்கக் குத்தகையையும் மாநிலப் பட்டியலில் வைக்கிறது. நேர்வாசல் அடைபட்டிருந்தால் பக்கவாசல் வழியாகப் போகலாம் அல்லவா? சரவாக் நிலம், விநியோகம், வரி என்ற பக்கவாசல்கள் வழியாக உள்ளே நுழைந்தது.

தமிழ்நாடும் இப்படித்தான் செய்தது. இந்திய அரசியலமைப்பிலும் எண்ணெய் வயல்கள் மத்தியப் பட்டியலில்தான் இருக்கின்றன. 2017இல் புதுக்கோட்டை மாவட்டத்தின் நெடுவாசலிலும் தஞ்சை மாவட்டத்தின் கதிராமங்கலத்திலும் எரிவாயு, எண்ணெய்த் திட்டங்களை எதிர்த்து விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். மாணவர்களும் அவர்களோடு நின்றார்கள். எண்ணெய் பற்றிச் சட்டம் போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. ஆனால் வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் காவிரி வடிநிலப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்து, அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கத் தடை விதித்தது. முன்பே இயங்கிவந்த கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை என்ற குறை இன்றும் பேசப்படுகிறது. ஆனாலும், வயலில் எழுந்த குரல் மன்றத்துக்குள் சட்டமாக மாறியது.

அதிகாரம் இடம் மாறினால் போதுமா?

கோலாலம்பூரிடமிருந்து உரிமையைப் பெற சரவாக் சட்டமன்றம் காட்டிய வேகம் பாராட்டத்தக்கது. ஆனால் பெற்ற உரிமையை இப்போது நிர்வகிப்பது பெட்ரோஸ். அந்தப் பெட்ரோசிடம் கணக்குக் கேட்பது யார்?

2021 டிசம்பர் மாநிலத் தேர்தலில் 82 இடங்களில் 76 இடங்களை ஆளுங்கூட்டணி வென்றது. எதிர்வரிசைக்குக் கிடைத்தது ஆறு. பின்வரிசையில் எழுந்து நிற்கக்கூடியவர்கள் ஒரு வேனில் அடங்கிவிடும் எண்ணிக்கை. மக்கள் அளித்த தீர்ப்பை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்குக் கேட்கும் வேலையை எதிர்க்கட்சியின் எண்ணிக்கையை நம்பி விட்டுவிடக் கூடாது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. ஆளுங்கட்சியின் பின்வரிசை உறுப்பினர்களும் கேட்க வேண்டும். குழுக்கள் ஆவணங்களை வரவழைத்துப் பார்க்க வேண்டும். அறிக்கைகள் பொதுமக்கள் கையில் கிடைக்க வேண்டும்.

இது வெறும் ஏட்டுப் பேச்சு அல்ல என்பதற்கு லாவாஸ் சாட்சி. சரவாக்கின் வடகோடியில் உள்ள மாவட்டம் அது. சபாவின் கிமானிசிலிருந்து பிந்துலு வரை சுமார் 500 கிலோமீட்டர் நீளும் எரிவாயுக் குழாய் அந்த மலைக்காட்டின் ஊடாகப் போகிறது. 2014 ஜூன் மாதத்தில் லாவாஸ் அருகே அந்தக் குழாய் வெடித்தது. 2022 செப்டம்பரில் மண் நகர்ந்ததால் மீண்டும் கசிவு ஏற்பட்டு, பிந்துலுவின் ஏற்றுமதியையே பாதித்தது. குழாய் ஒரு தேசிய நிறுவனத்தின் பொறுப்பு. அது ஓடும் நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அருகிலேயே வீடும் தோட்டமும் வைத்திருக்கும் குடும்பம், "எங்கள் பக்கம் மண் உறுதியாக இருக்கிறதா, யார் சோதித்தார்கள்?" என்று எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது? யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் எந்தப் பக்கம் வென்றாலும் அந்தக் குடும்பத்துக்குப் பதில் கிடைத்துவிடாது. பதில் சொல்லும் கடமையைச் சட்டத்தில் எழுதி வைத்தால்தான் கிடைக்கும்.

தீபகற்பத்தில் இருக்கும் நமக்கும் அந்தக் கேள்வி தூரத்துக் கேள்வி இல்லை. 2025 ஏப்ரல் 1ஆம் நாள், நோன்புப் பெருநாள் விடுமுறையில், சிலாங்கூரின் புத்ரா ஹைட்சில் எரிவாயுக் குழாய் வெடித்து எழுந்த நெருப்பை நாம் எல்லாரும் கைப்பேசியில் பார்த்தோம். வீடுகளும் வாகனங்களும் எரிந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அதன் பிறகு நாட்டின் பல வட்டாரங்களில் மக்கள் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டார்கள்: "நம் வீட்டுப் பக்கம் குழாய் போகிறதா?" அந்தக் கேள்வி விபத்துக்கு முன்பே மன்றங்களில் வழக்கமான கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த கேள்வி கடலுக்கு அடியில்

இனி வரப்போவது எண்ணெய் எடுப்பது மட்டுமல்ல, கரிமவாயுவைப் புதைப்பதும்தான். தொழிற்சாலைகளிலும் எரிவாயு வயல்களிலும் வெளியாகும் கரிமவாயுவைப் பிடித்து, எண்ணெய் தீர்ந்துபோன கடலடிப் பாறைகளுக்குள் அனுப்பி மூடி வைக்கும் தொழில் இது. சரவாக் கடலில் கசவாரி வயலில் இதற்கான பெரிய திட்டம் ஒன்று நடக்கிறது. சரவாக் 2022இலேயே இதற்குத் தனி விதிமுறைகளை வகுத்துக்கொண்டது.

தீபகற்பத்துக்கும் லாபுவானுக்குமான கரிமவாயுச் சேமிப்புச் சட்ட மசோதா 2025 மார்ச் மாதத்தில் மக்களவையில் தாக்கல் செய்யப்பட்டு, அதே வாரத்தில் நிறைவேறியது. கடலுக்கு அடியில் நூற்றாண்டுக் கணக்கில் இருக்கப்போகும் ஒன்றுக்கு ஒரு வாரமா என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் கேட்டன. வெளிநாட்டுக் கரிமவாயுவையும் இங்கே கொண்டுவந்து புதைக்கலாமா, பல ஆண்டுகள் கழித்துக் கசிந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகள் நம் தலைமுறையின் தலையில்தான் விழும். 1974இல் சட்டம் போட்டவர்களுக்கு எண்ணெயின் எதிர்காலம் முழுதும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இன்று சட்டம் போடுபவர்கள் அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. ஐம்பது ஆண்டு அனுபவம் கண்முன்னே கிடக்கிறது.

நல்ல அறிகுறியும் உண்டு. அதே 2025 மார்ச்சில் நாடாளுமன்றச் சேவைச் சட்ட மசோதாவும் மக்களவையில் நிறைவேறியது. நாடாளுமன்றம் தன் ஊழியர்களையும் நிர்வாகத்தையும் தானே கவனித்துக்கொள்ள வழி செய்யும் சட்டம் அது. 1963இல் இருந்து 1992இல் நீக்கப்பட்ட ஏற்பாடு இப்போது திரும்பி வருகிறது. ஓர் உறுப்பினர் எரிவாயு ஒப்பந்தம் பற்றிக் கூர்மையாகக் கேள்வி கேட்க வேண்டுமென்றால், அவருக்கு ஆய்வு செய்து கொடுக்கும் ஆள்கள் வேண்டும். புவியியலும் கணக்கியலும் சட்டமும் தெரிந்த ஆள்கள் வேண்டும். அந்த வேலைகளுக்கு நாளை விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

நம்மால் என்ன முடியும்?

எஸ்.பி.எம். மாணவராக இருந்தால் வரலாறு, தார்மீகக் கல்விப் பாடங்களில் வரும் "அதிகாரப் பிரிவினை" என்ற சொல்லை இனி மனப்பாடத்தோடு விட்டுவிடாதீர்கள். இந்த எண்ணெய்க் கதையை அதில் பொருத்திப் பாருங்கள். சட்டம் இயற்றுபவர் யார், நிர்வகிப்பவர் யார், தீர்ப்புச் சொல்பவர் யார் என்று மூன்று கட்டம் போட்டு, மேலே சொன்ன நிகழ்வுகளை ஒவ்வொன்றாக நிரப்புங்கள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ, அங்கேதான் பிரச்சினை.

கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். நாடாளுமன்ற விவாதங்களின் முழுப் பதிவான ஹன்சார்ட் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. "பெட்ரோனாஸ்" என்ற ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். உங்கள் தொகுதி உறுப்பினர் அதைப் பற்றி ஏதாவது கேட்டிருக்கிறாரா என்பது தெரிந்துவிடும். கேட்கவில்லை என்றால் மரியாதையாக ஒரு கடிதம் எழுதலாம்.

பினாங்கில் வாழ்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு கருவி உண்டு. 2010ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் 2015இல் இங்கே நடைமுறைக்கு வந்தது. மாநில அரசுத் துறைகளிடம் உள்ள ஆவணத்தை விண்ணப்பித்துப் பெற அது வழி தருகிறது. சிலாங்கூரிலும் அத்தகைய சட்டம் உண்டு. ஆனால் மாநிலச் சட்டம் மாநில அலுவலகங்களோடு நின்றுவிடும். எண்ணெய் நிறுவனத்தின் கதவை அதனால் தட்ட முடியாது. நாடு முழுமைக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்க, அதை வீட்டில் வைத்துப் பழகிய பினாங்குக்காரர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

வாக்குரிமை வயது இப்போது 18. எஸ்.பி.எம். எழுதி முடித்த கையோடு வாக்காளராகிவிடுகிறோம். அடுத்த தேர்தலில் வேட்பாளர் வாசலுக்கு வந்து தோம்பு விலையைப் பற்றிப் பேசினால், அதோடு விட்டுவிடாமல் ஒரு கேள்வி கேட்போம்: "அந்த எரிவாயுவின் கணக்கை மன்றத்தில் கேட்பீர்களா, எப்படிக் கேட்பீர்கள்?" பதில் தெரியாமல் அவர் விழித்தாலும் பரவாயில்லை. அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வார்.